22 வரை எண்ணிய அம்மாவுக்கு

எங்களுக்குத் துணைநின்ற அனைவருக்கும் வணக்கம்.

கடந்த ஐந்து மாதங்களாக எங்கள் வீட்டில் நடந்தவற்றை நீங்கள் அறிவீர்கள். அறிந்ததோடு நில்லாமல் எங்களோடு சேர்ந்து கலங்கியவர்களும் நீங்கள்தாம். ஆகவே அவற்றை மறுபடியும் விவரிக்கப்போவதில்லை. மகள் அழுது, ஏங்கி, மூச்சு உள்ளே போகாமல் நீலம் பாரித்துத் துவண்டுவிழுவது நின்று இன்றோடு 7 வாரங்கள் ஆகின்றன. நேற்று அவள் கையில் எடுத்துவிட்ட கத்தரிக்கோலை நான் வாங்கிவைத்தபோது ஓங்கி அழுதாள். நடுவில் ஒரு மூச்சு இழுத்துக்கொண்டு மறுபடியும் அழுதாள். இடையில் அவள் இழுத்த அந்த மூச்சின் ஓசையைக் கேட்ட பிறகு, இந்த மடலை இனியும் தள்ளிப்போட மனம் வரவில்லை.

நான் முதலில் நன்றி சொல்ல வேண்டியவரின் பெயர் எனக்குத் தெரியாது. மருத்துவரின் அறைக்கு வெளியே, எங்களுக்கு இரண்டு இருக்கைகள் தள்ளி, தம் பேரனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த அம்மா அவர். என் மனைவியின் கையிலிருந்த வரிசைச்சீட்டைப் பிடுங்கி வாயில் வைத்த மகளிடமிருந்து அதைத் திரும்ப வாங்கிய நொடியில், வழக்கமாக வருவது அங்கேயே வந்துவிட்டது. ஒரே ஒரு நீண்ட அழுகை. அதோடு நெஞ்சிலிருந்த காற்றெல்லாம் வெளியேறி, வாய் திறந்தபடி இருக்க, அடுத்த மூச்சு உள்ளே போகவில்லை. தண்ணீரைத் தெளிக்கச் சொன்னார் ஒருவர், தலைகீழாகப் பிடித்து உலுக்கச் சொன்னார் இன்னொருவர். நானோ அவள் வாய்க்குள் விரலை விடப்போனேன்.

அந்த அம்மா எழுந்துவந்து என் கையைப் பிடித்து விலக்கினார். “வாயில் எதையும் வைக்காதீர்கள் தம்பி, ஒருக்களித்துப் படுக்க வையுங்கள்” என்று சொல்லிவிட்டு, சுவரிலிருந்த கடிகாரத்தைப் பார்த்து உரக்க எண்ணத் தொடங்கினார். ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரே அளவு இடைவெளி விட்டு, குரலில் சிறு நடுக்கமும் இல்லாமல் எண்ணினார். 9 என்றபோது மகளின் உடல் வில்லாக வளைந்து விறைத்தது. அப்போதும் அவர் எண்ணுவதை நிறுத்தவில்லை. 22 என்றபோது அவள் மூச்சை இழுத்தாள்.

“22 விநாடிதான் தம்பி. இவனுடைய அப்பாவுக்கும் சின்ன வயதில் இப்படித்தான் வரும். ஐந்து வயதில் தானாக நின்றுவிட்டது” என்றார். அதற்கு முன்பு நாங்கள் பார்த்த இரண்டு மருத்துவர்களிடமும் மூன்று நான்கு நிமிடம் மூச்சு நிற்கிறது என்றே நான் சொல்லியிருந்தேன். பொய் சொல்ல வேண்டும் என்று சொல்லவில்லை. எனக்கு அப்படித்தான் இருந்தது. பிறகு அவர் தம் பையிலிருந்த பழைய உறையொன்றைக் கிழித்து, அதன் பின்புறத்தில் தேதியையும் நேரத்தையும் குறித்து, “சீட்டை வாங்கியதும் அழுகை, பிறகு நீலம், 9இல் விறைப்பு, 22இல் மூச்சு” என்று எழுதிக் கொடுத்தார். “உள்ளே போனதும் இதைக் காட்டுங்கள். பதற்றத்தில் வாயால் சொன்னால் முன்னது பின்னதாகிவிடும்” என்றார். அதற்குள் அவருடைய முறை வந்துவிட்டது. பேரனைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

அந்தத் துண்டுக் காகிதம் செய்த வேலையைச் சொல்லாமல் இந்த நன்றி நிறைவுபெறாது. மருத்துவர் அதை இரண்டு முறை படித்தார். அழுகை முதலில், நீலம் அடுத்து, விறைப்பு கடைசியில் என்ற அந்த வரிசைதான் அவருக்கு வேண்டியிருந்தது. வலிப்பு நோயாக இருந்தால் அழுகையே இல்லாமல், தூக்கத்தில்கூட வரக்கூடும் என்றும், விறைப்பு முதலில் வந்து நிறம் மாறுவது பெரும்பாலும் அதற்குப் பின்னரே நிகழும் என்றும் விளக்கினார். தூக்கத்தில் வந்ததுண்டா, ஓடும்போது வந்ததுண்டா, குடும்பத்தில் யாராவது இளவயதில் திடீரென இறந்ததுண்டா என்று கேட்டார். இதயத்துடிப்பின் சீரைப் பார்க்க ஓர் ஈசிஜி, இரத்தப் பரிசோதனை, இவ்வளவுதான் எழுதிக் கொடுத்தார். ஈசிஜி நன்றாக இருந்தது. இரத்தத்தில் இரும்புச்சத்து மிகவும் குறைந்திருந்தது.

இது வலிப்பு நோய் அல்ல; ஆங்கிலத்தில் breath-holding spell, அதாவது ‘மூச்சைப் பிடித்துக்கொள்ளுதல்’ என்கிறார்கள். நலமாக இருக்கும் குழந்தைகளிலேயே 100க்கு 5 பேர் வரைக்கும் இது வருகிறதாம். பெரும்பாலும் 6 மாதத்துக்கு மேல் தொடங்கி, ஒன்று இரண்டு வயதில் மிகுந்து, 6 வயதுக்குள் மறைந்துவிடுகிறது. சில குழந்தைகள் நீலமாவதற்குப் பதிலாக, திடுக்கிட்டாலோ தலையில் இலேசாக அடிபட்டாலோ வெளுத்துத் துவண்டுவிடுவார்கள்; இதயம் சற்று நேரம் மெதுவாகிவிடுவதால் அப்படி ஆகிறது. இரும்புச்சத்து மருந்தால் இவை குறைவதை 1990களிலிருந்தே ஆய்வுகள் காட்டிவந்தாலும், அது எப்படி நிகழ்கிறது என்பது இன்னும் முழுதாக விளங்கவில்லை.

ஆனால் என்னைத் தைத்தது வேறொன்று. “அவள் மூச்சைப் பிடித்துக்கொள்ளவே இல்லை. வெளியே போன மூச்சை உள்ளே இழுக்க அவளால் முடியவில்லை” என்றார் மருத்துவர். இதை ஒரு பழக்கம் என்றும், வீம்பு என்றும் சொல்லி, மயங்கி எழுந்த ஒன்றே முக்கால் வயதுக் குழந்தையை நான் அதட்டியிருக்கிறேன். பிறகு பயந்துபோய், அழுகையே வரக் கூடாதென்று கேட்டதையெல்லாம் கொடுத்திருக்கிறேன். இரண்டுமே தவறு. மறுக்க வேண்டியதை மறுக்கவும், அழும்போது அருகில் இருக்கவும் அன்றுமுதல்தான் கற்றுக்கொண்டு வருகிறேன். அதன் பிறகுதான் என் தாயாரும், நானே நான்கு வயதுவரை அழுதால் ஏங்கிப்போகிற பிள்ளையாக இருந்ததாகச் சொன்னார்.

மற்றவர்களுக்கும் நான் கடன்பட்டிருக்கிறேன். எங்கள் கேள்விகளுக்கெல்லாம் பொறுமையாகப் பதில் சொன்ன மருத்துவருக்கும், பாலோடு சேர்த்துக் கொடுத்தால் இரும்புச்சத்து உடலில் சரியாகச் சேராது என்றும் மலம் கறுத்துப் போனால் அஞ்ச வேண்டாம் என்றும் நினைவாகச் சொல்லியனுப்பிய மருந்துக்கடைக்காரருக்கும், மூத்தவனைத் தங்கள் பிள்ளையாகவே பார்த்துக்கொண்ட பக்கத்து வீட்டாருக்கும், என் பணிகளைச் சொல்லாமலே பகிர்ந்துகொண்ட அலுவலகத் தோழர்களுக்கும், பயந்து மறுத்துவிடாமல் மகளை மறுபடி சேர்த்துக்கொண்டு, எங்களைப் போலவே ஒருக்களித்துப் படுக்கவைத்து எண்ணக் கற்றுக்கொண்ட குழந்தைகள் காப்பக ஆசிரியைக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

இனி என் கண்ணெதிரே எந்தக் குழந்தைக்கு இப்படி நேர்ந்தாலும் கடிகாரத்தைப் பார்த்து உரக்க எண்ணுவேன் என்று எனக்குள் உறுதி எடுத்துக்கொண்டிருக்கிறேன். எண்ணிக்கை 60ஐத் தாண்டினால் அவசர உதவியை அழைப்பேன். 6 மாதம் நிரம்பாத குழந்தையாக இருந்தாலோ, அழுகையில்லாமலோ விளையாட்டின் நடுவிலோ வந்திருந்தாலோ, விரைவில் தெளிந்துவிட்டாலும் அன்றே மருத்துவரிடம் காட்டும்படி பெற்றோரிடம் சொல்வேன். நடந்ததை ஒரு தாளில் வரிசையாக எழுதி அவர்கள் கையில் கொடுப்பேன்.

அம்மா, நீங்கள் கிழித்துக் கொடுத்த உறைத்துண்டை ஒரு குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் ஒட்டிவைத்திருக்கிறோம். அதைப் பார்த்து நாங்கள் எழுதிய குறிப்புகள் 19. கடைசிக் குறிப்பில் 14 விநாடி என்றிருக்கிறது. அதற்குப் பிறகு எழுத நேரவில்லை. உங்கள் பேரனுக்கு என்ன உடம்பு என்று அன்று கேட்கக்கூட எனக்குத் தோன்றவில்லை. அவன் இப்போது எப்படி இருக்கிறான்?