புற்றுக் கலம் இன்னொரு கலத்தோடு சேர்ந்தால்

ஆசிரியர் அவர்களுக்கு,

உங்கள் பத்திரிகையில் வந்த புற்றுநோய்க் கட்டுரை நன்றாக இருந்தது. ஆனால் நோய் உடலில் எப்படிப் பரவுகிறது என்பதை ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். உயர்தர வகுப்புக்கு உயிரியல் படிப்பித்தவன், சும்மா இருக்க முடியவில்லை.

புற்றுக் கலம் இன்னொரு கலத்தோடு (செல்லோடு) இணைவதும் அது பரவ ஒரு வழியாக இருக்கலாம். இரண்டு கலங்கள் ஒன்றாவது புதினமல்ல. விந்தும் முட்டையும் சேர்வது அதுதான். நமது கை கால் தசைகளின் நார்களும் பல கலங்கள் இணைந்தே உருவாகின்றன. புற்றுக் கலம் வெண்குருதிக் கலத்தோடு இணைந்து, அதன் ஊர்ந்து திரியும் குணத்தைப் பெறலாம் என்று 1911இலேயே ஒட்டோ ஐக்கெல் என்ற ஜேர்மன் ஆய்வாளர் சொன்னார். நெடுங்காலம் யாரும் பெரிதாக எடுக்கவில்லை. அப்புறம், என்பு மச்சை (எலும்புக்குள் குருதிக் கலங்களை உண்டாக்கும் பகுதி) மாற்றப்பட்ட நோயாளிகள் சிலரின் புற்றுக் கலங்களில் கொடையாளியின் டி.என்.ஏ.யும் நோயாளியின் டி.என்.ஏ.யும் சேர்ந்தே காணப்பட்டன. எல்லாப் புற்றும் இப்படித்தான் பரவுகிறது என்றில்லை. இதன் பங்கு எவ்வளவு என்பதில் இன்னும் விவாதம் உண்டு.

வேடிக்கை என்னவென்றால், 1975இல் கோலர், மில்ஸ்டைன் என்ற இரு ஆய்வாளர்கள் புற்றுக் கலத்தைப் பிறபொருளெதிரி (நோய்க் கிருமிகளை எதிர்க்க உடல் உண்டாக்கும் புரதம்) சுரக்கும் கலத்தோடு வேண்டுமென்றே இணைத்தார்கள். இன்றைய புற்றுநோய் மருந்துகள் சிலவற்றுக்கு வழி திறந்தது அந்த வேலைதான்.

களுவாஞ்சிகுடிப் பக்கம் வெற்றிலை போடாத வீடு குறைவு. வாய்ப்புற்றாக இருக்கக்கூடிய ஆறாத புண்ணோடு, "கத்தி பட்டால் பரவிவிடும்" என்று மாதக்கணக்கில் வைத்தியசாலைக்குப் போகாமல் இருப்பவர்களை எனக்குத் தெரியும். கலங்கள் இணைவது கத்தி பட்டு வருவதல்ல. அதையாவது அடுத்த கட்டுரையில் எழுதுங்கள்.

ஓய்வுபெற்ற ஆசிரியர்,
களுவாஞ்சிகுடி.