தூர் வாருவதற்கு முன்னால்

அன்புள்ள செல்வம்,

பேத்தி பிறந்த செய்தி பார்த்து வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். பெயர் வைத்ததும் எழுது.

உங்கள் ஏரியைத் தூர் வாரப் போகிறார்கள், பெங்களூர் அல்சூர் ஏரிக்கரையில் முப்பது வருஷம் குடியிருப்பவன் நீ என்ன சொல்கிறாய் என்று கேட்டிருந்தாய். அனுபவம் இருக்கிறது, சொல்கிறேன்.

2016 மார்ச்சில் ஒரு காலை இங்கே கரையோரம் முழுக்க மீன் செத்து, வயிறு மேலே தெரிய மிதந்தது. நாற்றம் எங்கள் தெருவரை வந்தது. யாரோ விஷம் கலந்துவிட்டார்கள் என்றுதான் நானும் நினைத்தேன். இப்படிச் சாக விஷமே வேண்டாம் என்று என் மகள்தான் புரிய வைத்தாள். சாக்கடையைத் தின்று பாசி கொழுக்கிறது. பகலில் அது ஆக்சிஜன் விடும். இரவில் அதுவும் மூச்சு வாங்கும், மக்கும் கழிவும் மிச்சத்தை இழுத்துக்கொள்ளும். விடியும் நேரத்தில் தண்ணீரில் ஆக்சிஜனே இருக்காது. மதியம் வந்து அளக்கிற ஆபீசருக்கு எல்லாம் சரியாகவே தெரியும்!

படிக்கும்போது அவள், தண்ணீர் எவ்வளவு தெளிவு என்று பார்க்க, ஒரு தட்டைக் கயிற்றில் கட்டி இறக்கிக் காட்டினாள். கறுப்பும் வெள்ளையுமாகக் கால் கால் பங்கு பெயிண்ட் அடித்த தட்டு. ஒரு முழம் இறங்குவதற்குள் பச்சைக்குள் மறைந்துபோனது.

சாக்கடையோடும் சோப்புத்தூளோடும் வந்து பாசிக்கு உரமாகும் பாஸ்பரஸ் அடிச்சேற்றில் இரும்போடு ஒட்டிக் கிடக்கும். அடியில் ஆக்சிஜன் தீர்ந்தால் பிடி விட்டு மேலே வரும். சாக்கடையை இன்றே அடைத்தாலும், பழைய கடனுக்கு வட்டி கட்டுகிற மாதிரி, ஏரி சில வருஷம் பச்சையாகவே இருக்கும். அதனால் சேற்றை எடுப்பது தப்பில்லை. சாக்கடை வரும் கால்வாயை அப்படியே விட்டுவிட்டு எடுப்பதுதான் வீண். அதைவிட மோசம், கரையோரக் கோரையையும் சம்புப் புல்லையும் வழித்து, குழம்புக் கிண்ணம் மாதிரி தோண்டி, சுற்றிலும் கல் பதித்து நடைபாதை போடுவது. இந்த ஊரில் அதற்குப் பெயர் ஏரி மேம்பாடு.

இதே ஊரில் ஜக்கூர் ஏரியில் வேறு மாதிரி செய்திருக்கிறார்கள். சாக்கடையைச் சுத்திகரிக்கும் நிலையம் ஒன்று, அதிலிருந்து வரும் தண்ணீர் சம்பு வளர்ந்த சதுப்பு வழியாக மெல்ல நகர்ந்து, அப்புறம்தான் ஏரியில் சேருகிறது. அங்கேயும் குறை உண்டு. ஆனாலும் கூழைக்கடா வருகிறது, வலை போடுகிறார்கள்.

டெண்டர் விடுவதற்கு முன் உங்கள் வரத்துக்கால்வாயில் மேலே எதுவரை சாக்கடை கலக்கிறது என்று நடந்தே பார்த்துவிடு. ஒருநாள் விடியற்காலை ஐந்து மணிக்கு ஆக்சிஜன் அளக்கச் சொல். பொங்கலுக்கு வருகிறேன், மகளின் தட்டையும் எடுத்து வருகிறேன். மதகுப் பக்கம் இறக்கிப் பார்ப்போம்.

அன்புடன்,
ராஜாமணி