விடியும்வரை காத்திருக்கும் தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

இப்போதுதான் போனை வைத்தாய். இதே தவிப்போடு இன்று ராத்திரி வேறு யாராவது வார்டு வாசலில் உட்கார்ந்திருக்கலாம், அதனால்தான் பொதுவில் எழுதுகிறேன்.

"பித்தப்பை வீங்கி சித்தி வலியில துடிக்கிறாங்க, காலையில ஆபரேஷன் பண்ணலாம்னு சொல்றாங்கக்கா" என்றாய். உன் கோபம் புரிகிறது. ஆனால் தியேட்டர் நர்ஸாகப் பல வருடம் நின்றவள் சொல்கிறேன், சித்தியை அவர்கள் கைவிடவில்லை.

வீங்கிய பித்தப்பை அக்கம்பக்கத்தோடு ஒட்டிக்கொண்டு இடத்தையே அடையாளம் தெரியாமல் ஆக்கிவிடும். பித்தப்பைக்குப் போவது ஒரு குழாய், ஒரு ரத்தக்குழாய், இரண்டே இரண்டுதான் என்று கண்ணால் பார்த்த பிறகே கிளிப் போட்டு அடைத்து வெட்ட வேண்டும். ஸ்ட்ராஸ்பெர்க் என்ற சர்ஜன் 1995-இல் வலியுறுத்திய முறை இது. தவறிப்போய் கல்லீரலிலிருந்து வரும் முக்கியப் பித்தநாளத்தை வெட்டிவிட்டால், அப்புறம் வருடக்கணக்கில் அவஸ்தை. ஒருமுறை ராத்திரி இரண்டு மணிக்கு ஒரு சர்ஜன் கிளிப்போடு, வயிற்றுக்குள் விட்ட கேமரா காட்டும் திரையையே பார்த்தபடி வெகுநேரம் நின்றார். "இது எந்தக் குழாய்?" என்று கேட்க அவரைவிட மூத்தவர் அங்கே யாரும் இல்லை. கடைசியில் வயிற்றைத் திறந்துதான் முடித்தார். அந்த அமைதியை நான் மறக்கவில்லை.

ராத்திரி செய்தாலே ஆபத்து என்றும் சொல்ல முடியாது, ஆய்வுகள் இரண்டு பக்கமும் பேசுகின்றன. லாஸ் ஏஞ்சல்ஸில் நடந்து 2014-இல் வெளியான ஒன்றில், லேப்ராஸ்கோப்பியில், அதாவது சிறு துளை வழியே கேமரா விட்டுச் செய்யும் முறையில், தொடங்கி வயிற்றைத் திறக்க வேண்டிவந்தது பகலில் 6%, இரவில் 11%.

ஆனால் காத்திருப்பது காலைவரைக்கும்தான். "மருந்து சாப்பிட்டுவிட்டு ஆறு வாரம் கழித்து வாங்க" என்றால், காரணம் கேட்காமல் தலையாட்டாதே. 2013-இல் வெளியான ஜெர்மன் ஆய்வில், சேர்ந்த 24 மணி நேரத்துக்குள் ஆபரேஷன் ஆனவர்களில் சிக்கல் வந்தது 11.8% பேருக்கு. மருந்து கொடுத்துத் தள்ளிப்போட்டவர்களில் 34.4%.

இன்று ராத்திரி தூங்காதே. குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல், பேச்சில் குழப்பம், பிரஷர் இறங்குவது, வயிறு முழுக்கக் கல் மாதிரி இறுகுவது, இதில் எது வந்தாலும் உடனே டியூட்டி டாக்டரை எழுப்பு. அப்போது மணி பார்க்க மாட்டார்கள். ஆபரேஷனைத் தாங்க மாட்டார் என்றால் வெளியிலிருந்தே குழாய் வைத்துச் சீழை வடிப்பதும் உண்டு.

சித்தி கேட்டாலும் டாக்டரைக் கேட்காமல் தண்ணீர் கொடுக்காதே. உதட்டை மட்டும் ஈரத்துணியால் துடைத்துவிடு. முதல் பஸ்ஸில் வருகிறேன்.

உன் அக்கா