அந்த எட்டு அங்குல டிரைவை விட்டுவிடாதே

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். நீ அனுப்பிய மூன்று படங்களையும் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். உன் அலுவலகத்தில் ஓய்வு பெறும் அந்தப் பெரியவர் தன் அறையைக் காலி செய்கிறார், வேண்டுமென்றால் எடுத்துக்கொள், இல்லையென்றால் குப்பைக்குப் போய்விடும் என்கிறார். இதையெல்லாம் சேர்த்து வைப்பதில் ஏதாவது அர்த்தம் இருக்கிறதா அப்பா என்று கேட்டிருந்தாய். போனில் சொன்னால் பாதி விட்டுப்போகும். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நீ கேட்டது அமிகா 2000 என்ற அந்தப் பழைய கணினியைப் பற்றி. என் கண் போனதோ இரண்டாவது படத்தின் ஓரத்தில், தூசி படிந்து கிடக்கிறதே, பழைய காந்த டிஸ்க்குகளைப் படிக்கும் அந்த 8 அங்குல பிளாப்பி டிரைவ் மேல். பக்கத்திலேயே ஒரு பெட்டி டிஸ்க். ஒவ்வொன்றிலும் பேனாவால் எழுதிய லேபிள். அமிகாவை நீ எடுத்தாலும் சரி, விட்டாலும் சரி. அந்த டிரைவையும் பெட்டியையும் மட்டும் விட்டுவிடாதே.

அரிதாகக் கிடைக்கிறது என்பதற்காக ஒரு பொருளைச் சேர்க்கக் கூடாது என்பது என் எண்ணம். ஆப்பிள்-1 கணினி 1976இல் ஏறக்குறைய 200தான் செய்யப்பட்டது. அதனால் ஏலத்தில் பெரிய பெரிய தொகைக்குப் போகிறது. போகட்டும். அதை யாரும் குப்பையில் போடப் போவதில்லை, நீயும் நானும் காப்பாற்றித்தான் ஆக வேண்டும் என்றில்லை. விலை மதிப்பு வந்துவிட்ட பொருளை விலையே காப்பாற்றிக்கொள்ளும். விலை இல்லாத பொருள்தான் தொலைந்துபோகும். எங்கோ யாரோ எழுதிவைத்த ஒன்றைப் படிக்க உதவுவது எதுவோ, அதைத்தான் சேர்க்க வேண்டும். பூட்டு இன்னும் இருக்கிறது என்றால் சாவியைத் தூக்கிப் போடக் கூடாது, அவ்வளவுதான்.

இது எனக்குப் பட்டுத் தெரிந்த விஷயம். நீ மூன்றாம் வகுப்பு படிக்கும்போது வீட்டில் ஒரு 286 கணினி இருந்ததே, நினைவிருக்கிறதா? லோகோ என்ற குழந்தைகளுக்கான புரோகிராமில் ஆமையைத் திரையில் ஓட்டி ஒரு வீடு வரைந்தாய். கோணம் தப்பாகப் போட்டதில் ஜன்னல் சுவரை விட்டு வெளியே போய்த் தனியாக நின்றது. திருத்தித் தருகிறேன் என்றேன், "அது காற்று வாங்கப் போயிருக்கிறது" என்று சொல்லி விடமாட்டேன் என்றாய். அந்தக் கணினியைப் பிறகு பரணில் ஏற்றினேன். பல வருடம் கழித்து இறக்கித் திறந்தால், போர்டில் இருந்த நிக்கல்-காட்மியம் பேட்டரி கசிந்து, சுற்றிலும் பச்சையும் நீலமுமாகப் பொருக்குத் தட்டியிருந்தது. விரல் நகத்தால் லேசாகச் சுரண்டினேன். செம்புக் கோடுகள் தூளோடு தூளாக வந்துவிட்டன.

போர்டு போய்விட்டதே என்று மொத்தத்தையும் பழைய இரும்புக்குப் போட்டேன். ஹார்ட் டிஸ்க்கை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டேன், உன் படங்கள் அதில்தானே இருக்கின்றன என்று. அது எம்.எஃப்.எம். என்ற பழைய பதிவு முறை டிஸ்க். அந்தக் காலத்து டிஸ்க்கும், அதை இயக்கும் கண்ட்ரோலர் கார்டும் ஜோடி. ஒரு கார்டு எழுதியதை வேறு கம்பெனி கார்டு பெரும்பாலும் படிக்காது. நல்ல நிலையில் இருந்த அந்தக் கார்டையும் போர்டோடு சேர்த்து எறிந்திருக்கிறேன். கம்ப்யூட்டர் சர்வீஸ் வேலையிலேயே இருந்த எனக்கு அன்றைக்கு அது உறைக்கவில்லை. இப்போதெல்லாம் டிஸ்க்கில் உள்ள காந்த மாற்றங்களை அப்படியே பதிவு செய்துகொண்டு, பிறகு கணக்குப் போட்டு எழுத்தாக மாற்றும் கருவிகள் வந்துவிட்டன. அவை வந்து சேர்வதற்குள் டிஸ்க்கைப் படிக்கும் ஹெட் தட்டோடு ஒட்டிக்கொண்டு சுழல்வதே நின்றுவிட்டது. அது இன்னமும் என் மேசை இழுப்பறையில்தான் இருக்கிறது. காற்று வாங்கப் போன ஜன்னலும் அதற்குள்தான் இருக்கிறது.

இதே கதை பெரிய அளவில் நல்லபடியாக முடிந்ததும் உண்டு. நிலவில் அப்போலோ எங்கே இறங்கலாம் என்று பார்ப்பதற்காக 1966, 67இல் நாசா ஐந்து லூனார் ஆர்பிட்டர் விண்கலங்களை அனுப்பியது. அவை அனுப்பிய படங்கள் இரண்டு அங்குல அகல காந்த நாடாக்களில் பதிவாயின. அந்த நாடாவை ஓட்ட ஆம்பெக்ஸ் எஃப்.ஆர்.-900 என்ற இயந்திரம் வேண்டும். நான்சி எவான்ஸ் என்ற அம்மையார் நாசாவின் ஆவணக் காப்பாளர். நாடாக்களை அழிக்க அவர் சம்மதிக்கவில்லை. அதோடு விட்டிருந்தால் நாடாக்கள் வெறும் பிளாஸ்டிக் சுருளாகத்தான் மிஞ்சியிருக்கும். அரசு கழித்துக்கட்டிய எஃப்.ஆர்.-900 இயந்திரங்களையும் தேடிப் பிடித்துத் தன் வீட்டு கார் ஷெட்டில் போட்டு வைத்தார், அதுவும் ஏறக்குறைய இருபது வருடம்! பீரோ அளவு இரும்பு. வீட்டுக்கு வந்தவர்கள் என்ன நினைத்திருப்பார்கள் என்று நான் அடிக்கடி யோசிப்பதுண்டு. கடைசியில் 2008இல் ஒரு சிறிய குழு, நாசாவின் ஏம்ஸ் மையத்தில் மூடிக் கிடந்த ஒரு உணவகக் கட்டிடத்தில் அவற்றை வைத்துப் பழுது பார்த்து ஓட்டியது. நிலவின் விளிம்புக்கு மேல் பூமி தெரியும் 1966ஆம் வருடப் படம் அந்த நவம்பரில் புதிதாக வெளிவந்தது. அந்தக் காலத்தில் வெளியிட்டதைவிடப் பல மடங்கு தெளிவாக.

பழைய கணினி போலவே நடிக்கும் புரோகிராம், அதாவது எமுலேட்டர், இருக்கும்போது இரும்பு எதற்கு என்று நீ கேட்பாய். நியாயமான கேள்விதான். பழைய புரோகிராமை ஓட்டிப் பார்க்க மட்டும் ஆசை என்றால் எமுலேட்டர் போதும், நானும் அதைத்தான் பயன்படுத்துகிறேன். ஆனால் எமுலேட்டர் சரியாக நடக்கிறதா என்று ஒப்பிட்டுப் பார்க்க உண்மையான கணினி எங்காவது இருக்க வேண்டும். கமோடோர் 64 என்ற பழைய வீட்டுக் கணினியின் சிட் ஒலிச் சில்லை எடுத்துக்கொள். அதன் 6581 வகையில் ஒன்றின் ஒலி ஃபில்டர் போல இன்னொன்றின் ஃபில்டர் இருக்காது, ஒரே பாட்டு இரண்டு கணினியில் இரண்டு மாதிரி கேட்கும். அப்புறம், எமுலேட்டரின் வாயில் பிளாப்பியைச் செருக முடியாதே. முதலில் யாராவது ஒரு டிரைவில் போட்டுப் படித்துத் தந்தால்தான் அதற்கு வேலையே.

சரி, அந்த டிரைவுக்கு வருகிறேன். முகப்பைப் பார்த்தால் ஷுகார்ட் கம்பெனியின் 800 மாடல் போலத் தெரிகிறது. அப்படியானால் அவசரப்பட்டு மின்சாரம் கொடுத்துவிடாதே. அந்த வகையில் மோட்டார் நேராக ஏ.சி. மின்சாரத்தில் ஓடும், நிமிடத்துக்கு 360 சுற்று. 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்துக்கு ஒரு கப்பி, 60 ஹெர்ட்ஸுக்கு வேறு கப்பி. அது எந்த நாட்டுக்காகச் செய்தது என்று பின்பக்கத் தகட்டில் போட்டிருக்கும், படம் எடுத்து அனுப்பு. ஏ.சி. போக 24 வோல்ட், 5 வோல்ட், மைனஸ் 5 வோல்ட் மூன்றும் தனியாகத் தர வேண்டும். கேபிளில் 50 பின். பிந்தைய டிரைவுகளுக்கு 34, அதனால் இடையில் ஒரு அடாப்டர் வேண்டும். அதெல்லாம் நான் செய்து தருகிறேன். ஒற்றைப் பக்கம், பழைய ஐபிஎம் வடிவம் என்றால் ஒரு டிஸ்க்கில் 77 வட்டம், வட்டத்துக்கு 26 பகுதி, பகுதிக்கு 128 பைட். மொத்தம் 2,56,256 பைட். உன் போனில் எடுக்கும் படத்தில் ஒரு மூலைக்குக்கூடக் காணாது. ஆனாலும் ஒரு மனிதர் பல வருடம் உட்கார்ந்து எழுதியது அதில் அடங்கும்.

டிஸ்க் எதையும் இப்போதைக்கு டிரைவில் போடாதே. நடுத்துளை வழியாகக் கையால் மெல்லச் சுழற்றி, ஹெட் தொடும் நீள்துளையில் பார். வெள்ளைப் புள்ளிகள் தெரிந்தால் பூஞ்சை. பழுப்புத் தூள் உதிர்ந்தால் காந்தப் பூச்சே கழன்றுகொண்டிருக்கிறது. அப்படி ஒன்றை ஓட்டினால் அதுவும் போகும், ஹெட்டும் கெட்டு அடுத்த டிஸ்க்கையும் கீறிவிடும்.

அமிகா வேண்டுமென்றால் எடுத்துக்கொள், நல்ல கணினிதான். ஆனால் வீட்டுக்கு வந்த அன்றைக்கே மூடியைத் திற. சி.பி.யு. பக்கத்தில் சிறிய பீப்பாய் போல ஒரு பேட்டரி இருக்கும், அதை வெட்டி எடுத்துவிடு. கசிந்திருந்தால் வெளியே வந்திருப்பது காரம். வினிகர் தொட்டுத் துடைத்தால் அடங்கும், பிறகு ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் கழுவி நன்றாகக் காயவிடு. மஞ்சளடித்த பெட்டியை வெளுக்கவைக்க ஹைட்ரஜன் பெராக்சைடு பூசுகிறார்கள். நான் செய்வதில்லை, நிறம் மெல்லத் திரும்பி வந்துவிடுகிறது.

வருடத்துக்கு ஒருமுறையாவது திறந்து பார்க்க முடிகிற அளவுக்கு மட்டும் வைத்துக்கொள். என்னிடம் ஒரு காலத்தில் முப்பத்தோரு கணினிகள் இருந்தன. இப்போது ஒன்பது. மற்றதை ஓட்டத் தெரிந்தவர்களுக்குக் கொடுத்துவிட்டேன், ஒவ்வொன்றோடும் என்ன பழுது, என்ன மாற்றினேன் என்று எழுதிய தாளோடு. மைக்ரோசாஃப்டின் பால் ஆலன் சியாட்டிலில் பழைய கணினிகளை உயிரோடு ஓட்டிக் காட்ட ஒரு அருங்காட்சியகமே நடத்தினார். அவர் 2018இல் காலமானார். 2020இல் அது மூடியது, திறக்கவே இல்லை. 2024இல் அங்கிருந்த கணினிகள் பல ஏலத்துக்குப் போயின. அவ்வளவு வசதி படைத்தவர் சேர்த்ததே சிதறிப் போனதைப் பார்த்த பிறகுதான் என் ஒன்பதும் பிறகு யார் யாருக்குப் போக வேண்டும் என்று நான் எழுதிவைத்தேன். உனக்கு ஒன்றும் பாரமாக இருக்காது, பயப்படாதே.

நாளைக்கே அந்தப் பெரியவரிடம் பேசு மா. டிரைவைக் கேட்கும் முன் டிஸ்க்குகளைப் பற்றிக் கேள். எந்தக் கணினியில் எழுதினார், எந்த வருடம், லேபிளில் உள்ள சுருக்கெழுத்துக்கு என்ன பொருள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதிக்கொள். அவருக்கு அதில் சொந்த விஷயம் ஏதாவது இருந்தால், படித்தவுடன் முதல் பிரதி அவருக்கு என்று சொல்லிவிடு.

அன்புடன்,
அப்பா

பி.கு.: டிரைவைப் பெட்டியில் கட்டும் முன், டிஸ்க் அளவுக்கு ஒரு கெட்டி அட்டை வெட்டி உள்ளே செருகிக் கதவை மூடு. வழியில் குலுங்கும்போது ஹெட் அடிபடாமல் இருக்கும். மூன்றாவது படத்தில் உள்ள மானிட்டரை மட்டும் நீ திறக்கவே கூடாது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் படக்குழாயில் மின்சாரம் தங்கியிருக்கும். நான் வரும்போது பார்த்துக்கொள்கிறேன்.