கரீபியன் கடலில் நானும் கமலாவும்

அன்புள்ள சுந்தரத்துக்கு,

உன் கடிதம் வந்தபோது நாங்கள் வீட்டில் இல்லை. திரும்பி வந்து தபால் பெட்டியைத் திறந்தால் விளம்பரக் காகிதங்களுக்கு நடுவில் உன் கையெழுத்து. கண்புரை ஆபரேஷனுக்குப் பிறகு வரி கோணாமல் எழுதியிருக்கிறாய். படித்ததும் மனசுக்கு நிம்மதியாக இருந்தது. இன்னொரு கண்ணையும் தள்ளிப்போடாமல் முடித்துவிடு. பேத்திக்கு மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைத்த செய்தியைக் கமலா இரண்டு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டாள்.

"எழுபது வயசுக்கு மேல் கப்பலில் உங்களுக்கு என்னடா வேலை?" என்று கேட்டிருந்தாய். சொல்கிறேன். கமலாவுக்கு முழங்கால் மாற்றிய பிறகு ஊர் சுற்றுவது என்ற பேச்சையே விட்டிருந்தோம். ஐரோப்பாச் சுற்றுலா என்றால் தினம் ஒரு ஹோட்டல், விடியற்காலையில் பெட்டி கட்டு, பஸ்ஸில் ஏறு, இறங்கு. அது அவளால் ஆகாது. கப்பலில் அந்தத் தொல்லை இல்லை. முதல் நாள் பெட்டியைப் பிரித்துத் துணியை அலமாரியில் மாட்டினால், ஊர் திரும்பும்வரை அதைத் தொட வேண்டாம். ராத்திரி படுத்துக் காலையில் எழுந்து திரையை விலக்கினால் எதிரில் வேறொரு தீவு நிற்கும். கால் முடியாதவர்களுக்கு இதைவிட நல்ல பயண ஏற்பாடு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

ஜூன் முதல் நவம்பர் வரை அந்தப் பக்கம் புயல் காலம். அதனால் ஜனவரியில் கிளம்பினோம். இங்கே நியூஜெர்சியில் பனி கொட்டிக்கொண்டிருந்தது. விமானத்தில் நாலு மணி நேரம் போய் ப்யூர்ட்டோ ரீக்கோவின் சான் வானில் இறங்கினால் நம் மார்கழி வெயில்! கமலா அங்கேயே ஸ்வெட்டரைக் கழற்றிப் பையில் போட்டவள்தான், பிறகு எடுக்கவே இல்லை. பழைய சான் வான் தெருக்களில் நீலச் சாயல் ஓடும் கற்கள் பாவியிருக்கிறார்கள். கடலைப் பார்த்து ஸ்பானியர்கள் கட்டிய எல் மோரோ கோட்டை நிற்கிறது. 1539இல் தொடங்கிய கட்டடம். உச்சிவரை ஏறவில்லை. எதிரே புல்வெளியில் உட்கார்ந்து பிள்ளைகள் பட்டம் விடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

கப்பலில் எங்களுக்கு நடுப்பகுதியில் கீழ்த்தளத்துக் கேபின். கப்பலின் ஆட்டம் அங்கேதான் குறைவு. மேல்தளம் வேண்டும் என்று ஆசைப்பட்டு ஏறியவர்கள் முதல் ராத்திரி குமட்டலுக்கு இஞ்சி மிட்டாய் கேட்டு அலைந்தார்கள். சின்ன பால்கனியும் இருந்தது. அதற்குக் கொஞ்சம் கூடுதல் பணம்தான், ஆனாலும் விடியும் நேரம் இரண்டு நாற்காலி போட்டு உட்கார்ந்ததை நினைத்தால் ஒரு டாலர்கூட வீணில்லை.

சாப்பாட்டைப் பற்றித்தான் தங்கச்சி முதலில் கேட்பாள் என்று தெரியும். இந்தியச் சைவச் சாப்பாடு வேண்டும் என்று சாப்பாட்டுக் கூடத்தின் பெரிய வெயிட்டரிடம் முதல் நாள் ராத்திரியே சொல்லிவிட வேண்டும். மறுநாள் நமக்கென்று தனியாகச் செய்து வைக்கிறார்கள். நாங்கள் தமிழ் பேசுகிறோம் என்று கேள்விப்பட்டு, சமையலறையில் வேலை செய்யும் ஒரு தூத்துக்குடிப் பையன் தேடி வந்து நின்றான். எட்டு மாத ஒப்பந்தமாம். பிறந்த குழந்தையைப் போனில்தான் பார்த்திருக்கிறான். "ஊருக்குப் போறப்ப நடக்க ஆரம்பிச்சிருப்பான்மா" என்றான். மறுநாள் காபிக் கோப்பையில் மிளகு ரசம் அனுப்பியிருந்தான். கமலாவுக்குத் தொண்டை அடைத்துவிட்டது. சம்பளத்தோடு சேர்த்து டிப்ஸை நம்பித்தான் இவர்கள் குடும்பம் ஓடுகிறது. டிப்ஸ் ஆளுக்கு, நாளுக்கு இவ்வளவு என்று நம் கணக்கிலேயே ஏறிவிடும். சிலர் கவுண்டரில் சண்டை போட்டு அதைக் கழிக்கச் சொல்கிறார்கள். எனக்கு அது கொஞ்சமும் பிடிக்கவில்லை. கழிப்பதாவது, கூடக் கொடுக்க வேண்டும்.

கப்பல் எந்தக் கரையையும் தொடாத நாட்களில் பொழுது எப்படிப் போகும் என்று கிளம்புமுன் நானும் யோசித்தேன். பாட்டு, ஆட்டம், சூதாட்டக்கூடம் எல்லாம் இருந்தன. நாங்கள் ஒன்றுக்கும் போகவில்லை. நிழல் விழும் பக்கமாகப் பார்த்து நாற்காலி பிடித்து உட்கார்ந்துவிடுவோம். எத்தனை வருஷம் நான் ராத்திரி ஷிப்ட், அவள் பகல் ஷிப்ட்! பிள்ளைகளைப் பற்றிச் சமையலறையில் நின்றபடி நாலு வார்த்தை பேசிக்கொண்டதோடு சரி. இங்கே அவள் தன் அப்பாவைப் பற்றிப் பேச ஆரம்பித்தாள். காரைக்காலில் சுங்கச் சாவடி குமாஸ்தாவாக இருந்தவர், மீன் வாங்கி வந்தால் சைக்கிள் மணியை எப்படி அடிப்பார் என்றெல்லாம் சொன்னாள். கல்யாணமாகி இத்தனை காலத்தில் நான் கேட்காத கதைகள். நடுவில் பறவை மீன்கள் கூட்டமாகத் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு எழும்பிப் பறந்து, தூரத்தில் போய் விழும். பேச்சு நிற்கும். அப்புறம் விட்ட இடத்தில் தொடங்குவாள்.

ஆன்டிகுவாவைப் பற்றி உனக்கு எழுதாமல் யாருக்கு எழுதுவது? 1975 பொங்கல் சமயம், சேப்பாக்கத்தில் நாம் இரண்டு பேரும் வெயிலில் வெந்துகொண்டு பார்த்த கிரிக்கெட் டெஸ்ட். வெஸ்ட் இண்டீஸ் வேகப்பந்து வீச்சாளர் ஆன்டி ராபர்ட்ஸ் ஏழு விக்கெட் சாய்த்தார். நம் அணி எடுத்தது மொத்தமே 190. அதில் விஸ்வநாத் மட்டும் அவுட் ஆகாமல் 97. நூறுக்கு மூன்று ரன் குறைந்ததற்கு நீ ராத்திரி சாப்பிடாமல் படுத்தாயே. அந்த ராபர்ட்ஸ் பிறந்தது ஆன்டிகுவாவில் உர்லிங்ஸ் என்ற மீனவக் கிராமத்தில். விவியன் ரிச்சர்ட்ஸும் அந்தத் தீவுக்காரர்தான். கப்பல் செயின்ட் ஜான்ஸ் ஊருக்குள்ளேயே வந்து நிற்கிறது. பழைய மைதானம் அங்கிருந்து நடக்கும் தூரம். 1986இல் ரிச்சர்ட்ஸ் 56 பந்தில் நூறு அடித்தது அங்கே. லாரா 1994இல் 375, 2004இல் 400 எடுத்ததும் அதே இடம்தான். பக்கத்தில் சிறைச்சாலை. ரிச்சர்ட்ஸின் அப்பா அதில் அதிகாரியாக இருந்தவர். இப்போது பெரிய ஆட்டங்கள் ஊருக்கு வெளியே புது ஸ்டேடியத்துக்குப் போய்விட்டன. வேலிக்கு வெளியே நின்ற ஒரு பெரியவரிடம் சேப்பாக்கம் ஆட்டத்தைச் சொன்னேன். "நீ ஆன்டியை நேரில் பார்த்தாயா?" என்று கேட்டுவிட்டு என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். நீயும் பக்கத்தில் நின்றிருக்க வேண்டும் என்று அப்போது மனசு அடித்துக்கொண்டது.

பார்படோசிலும் செயின்ட் லூசியாவிலும் இறங்கினோம். இரண்டும் அழகான தீவுகள். செயின்ட் லூசியாவில் கடலிலிருந்து செங்குத்தாக எழும் இரட்டை மலைகளைப் படகிலிருந்து பார்த்ததே போதும் என்று ஆகிவிட்டது. சொல்ல வேண்டியது குவாடலூப்பைப் பற்றித்தான்.

அது இன்றும் பிரான்சின் ஒரு பகுதி. செலவுக்கு யூரோ, தெருப்பெயர்கள் எல்லாம் பிரெஞ்சில். புதுச்சேரிக்காரனான உனக்குப் பாதி ஊர் பழகியதாகவே இருக்கும். பொயிந்த்-ஆ-பித்ர் துறைமுகத்தில் இறங்கி மசாலா மார்க்கெட்டுக்கு நடந்தோம். அங்கே கடைக்காரப் பெண்கள் தலையில் கட்டியிருந்தது கட்டம் போட்ட மெட்ராஸ் துணி. மஞ்சள், சிவப்பு, பச்சைக் கட்டங்கள். அந்தத் தீவின் பாரம்பரிய உடையே அதுதான். முடிச்சில் எத்தனை கொம்பு எடுத்து விடுகிறார்கள் என்பதை வைத்து மனசு யாருக்கும் சொந்தமா இல்லையா என்று சொல்லிவிடலாமாம். மூன்று கொம்பு என்றால் கல்யாணமானவள். ஒரு பாட்டி கமலாவை உட்கார வைத்துத் துணியை இறுக்கிச் சுற்றி மூன்று கொம்பு இழுத்துவிட்டாள். அந்தத் தலைக்கட்டோடுதான் கமலா அன்று முழுதும் வந்தாள். கொலம்போ என்று ஒரு மசாலாப் பொடி விற்கிறார்கள். மல்லி, சீரகம், மஞ்சள், வெந்தயம், கடுகு எல்லாம் சேர்ந்தது. பொட்டலத்தை முகர்ந்ததும் "இது நம்ம வீட்டுப் பொடி மாதிரியே இருக்கே" என்றாள். ஆட்டுக்கறியை அதில் வேகவைத்துச் சோற்றோடு சாப்பிடுவது அங்கே வீட்டுக்கு வீடு உண்டு.

அடிமை முறையை பிரான்ஸ் 1848இல் ஒழித்தது. கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் இல்லாமல் போகவே, நம் பக்கத்தில் தேட ஆரம்பித்தார்கள். முதல் கப்பல் 1854 டிசம்பர் 24 அன்று குவாடலூப் வந்து சேர்ந்தது. புதுச்சேரியிலும் காரைக்காலிலும் ஏறியவர்கள். 1861இல் பிரிட்டிஷாரோடு ஒப்பந்தம் போட்டு அவர்கள் ஆட்சிப் பகுதியிலிருந்தும் ஆள் எடுத்தார்கள். 1889 வரைக்கும் வந்தவர்கள் சுமார் 42,000 பேர். பெரும்பாலோர் ஐந்து வருஷ ஒப்பந்தத்தில் கைநாட்டு வைத்தவர்கள். எத்தனையோ பேர் கரும்புக் காட்டிலேயே நோயில் செத்துப்போனார்கள். மீதி இருந்தவர்களின் பிள்ளைகள்தான் இன்றைக்கு முத்துசாமிகளாகவும் ராமசாமிகளாகவும் வீராசாமிகளாகவும் அங்கே வாழ்கிறார்கள். அந்த மண்ணில் பிறந்தவர்களுக்கே ஓட்டு இல்லை என்றார்கள். ஹென்றி சிதம்பரம் என்பவர் 1904இல் தொடங்கி 1923 வரை வழக்காடி அந்த உரிமையை வாங்கிக் கொடுத்தார். நம் பாடப் புத்தகத்தில் இவர் பெயர் இருந்ததாக எனக்கு நினைவில்லை, இருந்திருக்க வேண்டிய பெயர்.

கப்பல்காரர்கள் ஏற்பாடு செய்யும் சுற்றுலாவில் போகாமல் துறைமுகத்தில் ஒரு டாக்சி பேசினோம். வண்டிக்காரர் எங்கள் வயசுக்காரர், கறுத்த ஒல்லியான உடம்பு, தஞ்சாவூர்ப் பக்கத்து முகம். கொஞ்சம் இங்கிலீஷ் தெரிந்தது. வாழைத் தோட்டங்களுக்கு நடுவே கப்பெஸ்டெர் ஊர்ப்பக்கம் சாங்கி என்ற இடத்துக்குக் கூட்டிப்போனார். சாலையோரத்தில் மாரியம்மன் கோவில், சுவரெல்லாம் பளிச்சென்று வண்ணச் சிலைகள். மதுரை வீரனும் இருக்கிறார். செருப்பைக் கழற்றிவிட்டுப் பெரியவர் உள்ளே போய்க் கைகூப்பிப் பாட ஆரம்பித்தார். ராகம் நம் ஊர்த் தாலாட்டு ராகம். வார்த்தைகள் நாக்கில் புரண்டு தேய்ந்திருந்தன. இரண்டு மூன்று வரி போனதும் கமலா என் கையை அழுத்தினாள். "தாயே" என்கிறார், "மாரியம்மா" என்கிறார். அவருக்கு அர்த்தம் தெரியாது. தாத்தா பாடியதை அப்பா பிரெஞ்சு எழுத்தில் நோட்டில் எழுதிவைத்தாராம். அந்த நோட்டு இன்னும் வண்டியில் இருக்கிறது. ஓரம் கிழிந்த பள்ளிக்கூட நோட்டு, மேலெல்லாம் மஞ்சள் கறை.

உங்கள் ஆட்கள் எந்த ஊர் என்று கமலா கேட்டாள். கிராமத்தின் பெயர் தெரியாதாம். "காரிக்கால்" என்று மட்டும் பாட்டி சொல்லுவாளாம். இவள் தன் மார்பில் கை வைத்து, "நான் காரைக்கால்" என்றாள், தமிழிலேயே. அவருக்குப் புரிந்துவிட்டது. கொஞ்ச நேரம் இரண்டு பேரும் ஒன்றும் பேசவில்லை. கிளம்பும்போது பேசின வாடகையை வாங்க மாட்டேன் என்று பிடிவாதம் பிடித்தார். கமலா விடவில்லை, பணத்தை நோட்டுக்குள் வைத்துவிட்டு வந்தாள்.

அன்று ராத்திரி அவள் தூங்கவில்லை. "எங்க ஊர்லேர்ந்து கப்பல் கப்பலா ஜனங்க போயிருக்காங்க. பள்ளிக்கூடத்துலயும் யாரும் சொல்லல, எங்க அப்பாவும் சொல்லலையே" என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். எனக்கும் அந்தக் கோபம் நியாயமாகப் பட்டது. வந்ததிலிருந்து தம்பிக்குப் போன் மேல் போன் போட்டு, ஊரில் பழைய ஆட்கள் யாருக்காவது ஏதாவது தெரியுமா என்று கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

நீயும் தங்கச்சியும் அட்லாண்டாவுக்கு மகள் வீட்டுக்கு வரும்போது நாலு பேருமாக ஒரு தடவை போவோம். உங்கள் அமெரிக்க விசா பலமுறை நுழைய அனுமதிப்பதா என்று பார்த்துக்கொள். கப்பல் வெளியே போய்த் திரும்புவதால் அது கட்டாயம் வேண்டும். தீவுக்குத் தீவு விதி வேறு என்பதால் டிக்கெட் போடுமுன் எல்லாவற்றையும் கேட்டுவிடலாம். மருத்துவ இன்சூரன்ஸ் இல்லாமல் ஏறவே கூடாது. கப்பல் டாக்டரிடம் போனால் பில் பெரிது. தங்கச்சிக்கு நடக்கச் சிரமம் என்றால் துறைமுகத்தில் சக்கர நாற்காலி கொடுக்கிறார்கள், முன்கூட்டியே சொன்னால் போதும்.

இப்போது கமலா சார்பில் ஒரு வேலை. நீ தினம் பேப்பர் படிக்கப் போகிற ரோமன் ரோலந்து நூலகத்தில் காரைக்காலிலிருந்து போன இந்தக் கப்பல்களைப் பற்றிப் பழைய புத்தகம் ஏதாவது இருக்கிறதா என்று கேள். பயணிகளின் பெயர்ப் பட்டியல் கிடைக்குமா, அதைப் பார்க்க யாரை அணுக வேண்டும் என்பதையும் விசாரி. பெரியவரின் குடும்பப் பெயரையும் அவர் சொன்ன விவரங்களையும் தனித்தாளில் எழுதி இதோடு வைத்திருக்கிறாள். கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் உடனே எழுது. அந்தப் பெரியவருக்குப் பதில் சொல்வதாக வாக்குக் கொடுத்திருக்கிறோம்.

தங்கச்சிக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் அன்பு.

உன்,
ராஜு