ரிமோட்டுக்கு ஒரு திருகாணி போதாதா?

ஆசிரியர் அவர்களுக்கு,

ஒன்றரை வயதுப் பேத்தி, பாட்டுப் பாடும் வாழ்த்து அட்டையைப் பிய்த்து, உள்ளிருந்த பட்டன் பேட்டரியை வாய்க்குக் கொண்டுபோய்விட்டாள். நல்லவேளை, கையைப் பிடித்துவிட்டேன். 'காசு மாதிரி தானாக வெளியே வந்துவிடும்' என்பது எங்கள் தலைமுறையின் நினைப்பு. ஆனால் உணவுக்குழாயில் சிக்கினால், ஈரம் பட்டு மின்சாரம் பாய்ந்து, அங்கே சோடாக்காரம் மாதிரி எரிக்கும் காரம் உண்டாகி 2 மணி நேரத்திலேயே சதையை அரிக்குமாம். ரிமோட்டை இயக்க முடியாத அளவுக்குத் தீர்ந்துபோன பழைய பட்டன் பேட்டரியும் அப்படித்தான். வாந்தி எடுக்க வைக்கக் கூடாது; எக்ஸ்ரே வசதியுள்ள மருத்துவமனைக்கு உடனே ஓட வேண்டும்.

பொம்மையின் பேட்டரி மூடிக்குத் திருகாணி போடுகிறார்கள். பல ரிமோட்டுகளுக்கு மட்டும் ஏன் வெறும் தள்ளுமூடி? வீட்டிலிருந்த மூன்றுக்கும் டேப் சுற்றிவிட்டேன். மகன் சிரிக்கிறான், சிரிக்கட்டும்.

இப்படிக்கு,
ஒரு பாட்டி