அந்தத் தாத்தாவையும் வரையுங்கள்

தமிழில் சிறுவர் படப் புத்தகம் போடும் பதிப்பாளர்களுக்கும், அதற்குப் படம் வரையும் ஓவியர்களுக்கும்,

வணக்கம். எங்கள் ஊர்ப்புற நூலகத்தில் சனிக்கிழமைகளில் சின்னப் பிள்ளைகளுக்குக் கதை வாசிக்கிறேன். மறுசுழற்சி பற்றிய படப் புத்தகங்கள் கைக்கு வரும்போதெல்லாம் ஆசையாகத்தான் பிரிக்கிறேன். ஆனால் நான் வாசித்தவற்றில் பெரும்பாலும் ஒரே கதை. ஒரு பிள்ளை குப்பையைப் பச்சைத் தொட்டியிலும் நீலத் தொட்டியிலும் பிரித்துப் போடும். அடுத்த பக்கத்தில் பூமி சிரிக்கும்.

இரண்டாம் வகுப்புக் குழந்தை ஒருத்தி நடுவில் நிறுத்திக் கேட்டாள்: "அப்புறம் அதை யாரு எடுத்துட்டுப் போவாங்க?" புத்தகத்தில் பதில் இல்லை. அவளுக்குத் தெரியும். அவளுடைய தாத்தா மூன்று சக்கர வண்டியில் பழைய பேப்பர், இரும்பு எடுப்பவர்.

அடுத்த வாரம் அவரையே வரச் சொன்னோம். தராசோடு வந்தார். தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திருகித் தனியே வைத்தார். பாட்டில் ஒரு பிளாஸ்டிக், மூடி வேறு பிளாஸ்டிக், இரண்டும் சேர்ந்து உருகினால் சரக்கு கெட்டுவிடும் என்றார். சிப்ஸ் பாக்கெட்டை ஓரமாகத் தள்ளிவிட்டார். பிளாஸ்டிக்கோடு அலுமினியம் ஒட்டிய தாள் அது. பிரிப்பது கஷ்டம், காயலான் கடையில் எடுக்க மாட்டார்கள். பிள்ளைகள் கண் கொட்டாமல் பார்த்தார்கள்.

கடைசியில் நாங்கள் வாசித்த புத்தகத்தையே கையில் எடுத்தார். பளபளவென்ற அட்டையின் ஓரத்தை நகத்தால் கீறினார். மெல்லிய பிளாஸ்டிக் உரிந்து வந்தது. "அட்டையைக் கிழிச்சிட்டுத்தான் இதைப் பேப்பரோட போட முடியும்" என்றார். எனக்கு மனசு கஷ்டமாகிவிட்டது.

தயவுசெய்து இந்தப் புத்தகங்களுக்காவது லேமினேஷன் வேண்டாம். சீக்கிரம் கிழிந்துவிடும் என்பீர்கள். சரி, பிரவுன் அட்டை நாங்கள் போட்டுக்கொள்கிறோம்.

கதைக்குப் பஞ்சமே இல்லை. கரூர் பக்கம் புகளூரில் கரும்புச் சக்கையிலிருந்து தாள் செய்கிறார்கள். பொங்கலுக்குக் கரும்பு கடித்துச் சக்கை துப்பும் பிள்ளைக்கு இதைவிட நல்ல கதை எங்கே கிடைக்கும்? பாட்டியின் சேலை தொட்டிலாகும், பிறகு கால்மிதி, அதற்கும் பிறகு அடுப்படியில் கரித்துணி. நுங்கு தின்று முடித்த காய் வண்டிச் சக்கரமாகும். பாட்டிலை வெட்டிப் பேனா ஸ்டாண்டு செய்யச் சொல்லும் பக்கங்களை மட்டும் குறைத்துக்கொள்ளுங்கள். அதற்காகவே கடையில் புது பாட்டில் வாங்கி வந்த பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன்.

2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறியும் சில வகைப் பிளாஸ்டிக் பொருட்களுக்குத் தமிழ்நாட்டில் தடை. 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கம் வந்தது. மஞ்சப்பையை வரையும்போது, கல்யாண வீட்டில் தாம்பூலத்தோடு கொடுத்த பையாக வரையுங்கள். அது பள்ளிக்கூடப் பையாகி, ரேஷன் பையாகிக் காது அறும்வரை உழைத்ததையும் காட்டுங்கள்.

அதிகாலையில் தெருவுக்கு வரும் தூய்மைப் பணியாளர் அக்காவுக்கும் ஒரு பக்கம் வேண்டும். முகத்தோடு, கையுறையோடு.

தராசும் மூன்று சக்கர வண்டியுமாக ஒரு தாத்தா உங்கள் புத்தகத்துக்குள் வரும் நாளில் எங்களுக்கு ஒரு பிரதி அனுப்புங்கள். காசு கட்டியே வாங்கிக்கொள்கிறோம். முதலில் அந்தக் குழந்தை கையில் கொடுக்க வேண்டும்.

அன்புடன்,
நூலகத்தில் கதை வாசிக்கும் ஒருவர்